அரைப் பக்கப் பேட்டியில் விட்டுப்போன மனைவி

மதிப்பிற்குரிய வார இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். நான் நலமாக இல்லை. அதற்குக் காரணமே தாங்கள்தான்.

இருபத்தாறு வருஷமாகச் சினிமாப் படத்தொகுப்பாளனாக இருக்கிறேன். வெட்டுவதும் என் தொழில், வெட்டுப்பட்டவர்களிடம் திட்டு வாங்குவதும் என் தொழில். ஆனால் உங்கள் நிருபர் என் வீட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, நாலு டம்ளர் காபி குடித்து, எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு போனார். கடைசியில் நீங்கள் அரைப் பக்கம் போட்டிருக்கிறீர்களே, அதிலும் பாதி என் வழுக்கைத் தலை! அப்பா கடிகாரம் பழுதுபார்த்தவர், ஒரு நொடி என்றால் எவ்வளவு என்று அவர் மேசையில்தான் கற்றேன் என்றேன். 'எளிய குடும்பம்' என்று முடித்துவிட்டீர்கள். ஒரு நடிகை கண்ணைத் துடைக்கும் முன் விடுகிற மூச்சைக் காப்பாற்ற இயக்குநரோடு பதினோரு நாள் மல்லுக்கட்டினேன் என்றேன், 'கடின உழைப்பாளி'யாம். சாவி தொலைந்த பழைய பூட்டுகளைத் திறப்பது என் பொழுதுபோக்கு, இதுவரை நாற்பது திறந்திருக்கிறேன் என்றேன். 'தூக்கம்' என்று போட்டிருக்கிறீர்கள். வந்த ஆள் எதிரில் ஒரு கொட்டாவி விட்டது குத்தமாய்யா?

அதெல்லாம் தொலையட்டும். முக்கியமானதை வெட்டிட்டீங்களே! ஒவ்வொரு படத்தையும் முதலில் வீட்டில் என் மனைவிக்குத்தான் போட்டுக் காட்டுவேன். நடுவில் எங்கே அவள் "அடுப்பைப் பாத்துட்டு வரேன்" என்று எழுந்து போகிறாளோ, அந்த இடத்தைக் குறித்துவைத்து மறுநாள் வெட்டிவிடுவேன். வாங்கிய விருதெல்லாம் அப்படி வந்ததுதான். இதை அவளிடம் நேரில் சொல்ல இத்தனை வருஷமாக எனக்கு வாய் வரவில்லை. பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் பேட்டிக்கே ஒப்புக்கொண்டேன். நீங்கள் போட்டதோ ஒரே வார்த்தை: 'திருமணமானவர்'. "மூணு மணி நேரம் பேசினீங்களே, என்னைப் பத்திச் சொல்ல ஒரு வரிகூடவா இல்ல?" என்று கேட்டவள், ஒன்பது நாளாக வாயே திறக்கவில்லை. "நான் சொன்னேன், அவங்க வெட்டிட்டாங்க" என்றால் நம்புவாளா? நடிகர்களிடம் நானே தினமும் சொல்லுகிற பொய் அதுதானே! வயிறு எரிகிறது, ஐயா. அடுத்த இதழில் அந்தப் பகுதியை ஓர் எழுத்தும் குறையாமல் போட்டாக வேண்டும்.

தங்கள் குடும்பமும் பத்திரிகையும் தழைக்கட்டும். தங்கள் கத்தரி மட்டும் விளங்காமல் போகட்டும்.

இப்படிக்கு,
தங்களால் அரைப் பக்கமாக்கப்பட்டவன்

பி.கு.: உறையை ஒட்டாமல், தபாலில் சேர்க்கச் சொல்லி அவளிடமே கொடுத்தேன். படித்துவிட்டாள். பேசியும்விட்டாள். "அடுப்புல என்னைக்கு என்ன இருந்துச்சு? நீங்க படம் போடுறதுக்கு முன்னாடியே சமையலை முடிச்சிடுவேன். நான் எழுந்தா நீங்க குறிச்சுக்கிறீங்கன்னு ரெண்டாவது படத்துலயே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் ஜவ்வா இழுக்குற இடமாப் பாத்துத்தான் எழுந்திரிச்சேன்." ஆகவே, மேலே கேட்ட எதையும் போட வேண்டாம். நிருபரை மட்டும் திரும்ப அனுப்புங்கள். பேட்டி கொடுக்க வேண்டிய ஆள் நான் இல்லை.