முழங்கால் கோடு

மனித குலம் இதுவரை தீர்த்துவைத்த சிக்கல்களில் தலையாயது எது என்று கேட்டால், தயங்காமல் சொல்வேன்: வாடகை வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்ட வேண்டியவர் யார் என்ற சிக்கல். தீர்த்துவைத்தது எங்கள் அலுவலகம். அலுவலகத்தில், அடக்கத்தோடு சொல்கிறேன், நான்.

அதற்கு முன்பு நிலைமை படுமோசம். "தோட்டம் என்னுது இல்லையே" என்பார் குடியிருப்பவர். "அனுபவிக்கறது நீங்கதானே" என்பார் வீட்டுக்காரர். இருவரும் பேசி முடிப்பதற்குள் செடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும். வீடுகளை வாடகைக்கு விட்டுப் பராமரிக்கும் எங்கள் நிறுவனம்தான் நடுவில் மாட்டிக்கொண்டு திருதிருவென்று முழிக்கும். அப்போதுதான் ஒப்பந்தத்தில் பதினான்காம் பிரிவை எழுதிச் சேர்த்தேன். முழங்காலுக்குக் கீழே இருப்பதெல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. மேலே இருப்பதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. தீர்ந்தது சண்டை.

யாருடைய முழங்கால் என்று ஒரு விதண்டாவாதி கேட்டார். அதற்காக மூன்று கூட்டங்கள் நடந்தன. பதவி மூப்பு கருதி, மேலாளரின் முழங்காலே 'அதிகாரபூர்வ முழங்கால்' என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். அவர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு மேசைமேல் ஏறி நின்றார். நான் அளந்தேன். அடுத்த வருடம் அவர் மாற்றலாகிப் போக, குள்ளமானவர் ஒருவர் வந்து சேர்ந்தார். ஒரே நாளில் நாற்பது வீட்டு ரோஜாச் செடிகள் கைமாறின! அந்தக் களேபரத்துக்குப் பிறகு எல்லாத் தோட்டச் சுவர்களிலும் நீலச் சாயத்தில் நிரந்தரமாகக் கோடு போட்டுவிட்டோம்.

கோட்டின் மகிமை முழுசாக வெளிப்பட்டது தையல்காரம்மா வீட்டில்தான். அவரும் எட்டு வயது மகளும் குடியிருந்த சின்ன வீடு. கொல்லையில் ஒரு மரம். அதன் பட்டுப்போன கிளை ஒன்று, மகள் படுக்கும் அறையின் ஓட்டுக் கூரைமேல் நீட்டிக்கொண்டிருந்தது. அம்மா அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"சார், காத்தடிச்சா அந்தக் கிளை மடமடங்குது. பிள்ளை நேர் கீழதான் படுக்கறா. பயமா இருக்கு சார்."

"கிளை கோட்டுக்கு மேலயா, கீழயா?"

"கூரைக்கே மேல சார்!"

"அப்ப வீட்டுக்காரர் பொறுப்பு. உங்களுக்குக் கவலையே வேண்டாம்."

"அவர் காதுலயே போட்டுக்க மாட்டேங்கறாரே. நானே ஆள் வச்சு வெட்டிக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடுத்தவங்க பொறுப்புல கை வைக்கறது பெரிய குத்தம்மா. வீட்டையே காலி பண்ணச் சொல்லிடுவாங்க!"

அவருடைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் அந்தத் தெருவில்தான் இருந்தார்கள். ஆள் வைக்கும் யோசனையைக் கைவிட்டுத் திரும்பிப் போனார். கடமை தவறாத நான் வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்தேன். அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

"கிளை இப்ப மேல இருக்கு. என் பொறுப்பு. மறுக்கவே இல்ல. ஆனா விழுந்தா எங்க சார் வரும்?"

"தரைக்குத்தான்."

"தரை கோட்டுக்கு மேலயா, கீழயா?"

எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். பிரிவை எழுதியவனுக்கே எட்டாத நுட்பம் அல்லவா!

தையல்காரம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. புல் வெட்டுவதை நிறுத்திவிட்டார். மூன்று வாரம் மழை பெய்தது. பிறகு போன் வந்தது.

"சார், புல்லு கோட்டைத் தாண்டிடுச்சு. இனி அது அவருது. வெட்ட வரும்போது அந்தக் கிளையையும் ஒரு பார்வை பார்த்துட்டுப் போகச் சொல்லுங்க."

வீட்டுக்காரர் வந்தார். அரிவாளோடு அல்ல, ஒரு நீளப் பலகையோடு. அதைப் புல்மேல் போட்டு, ஏறி நின்று, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பிறகு பலகையை அடுத்த இடத்துக்கு நகர்த்தினார். காலை முழுவதும் இதே வேலை.

"அம்மா, இந்தத் தாத்தா ஏன் புல்லைத் தூங்க வைக்கிறாரு?" என்று கேட்டாள் சிறுமி.

"அளங்க சார்" என்றார் வீட்டுக்காரர், வேர்த்து விறுவிறுத்து. அளந்தேன். நாலு விரல்கூட இல்லை. புல் மறுபடியும் குடியிருப்பவருக்கே போய்ச் சேர்ந்தது. என் ஆண்டறிக்கையில் இதை 'வெட்டாப் பராமரிப்பு' என்று பாராட்டி எழுதினேன். கிளையை யாரும் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் காற்று கிளம்பியது. கிளை முறிந்து, ஓடுகளை உடைத்துக்கொண்டு இறங்கி, மகளின் மெத்தைமேல் நீட்டிப் படுத்துக்கொண்டது. நல்லவேளையாக அவள் அப்போதுதான் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போயிருந்தாள்.

தகவல் கிடைத்ததும் ஓடினேன். எனக்கு முன்பே வீட்டுக்காரர் வந்து, முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தார். மெத்தை தரையில்தான் கிடந்தது. தரையிலிருந்து கிளையின் மேற்புறம்வரை அளந்தேன். ஒன்றரைச் சாண்.

"கீழ!" என்றார் வீட்டுக்காரர்.

'குடியிருப்பவர் பொறுப்பு. ஏழு நாளில் அகற்றவும்' என்று எழுதி நீட்டினேன். கூரையில் விழுந்த ஓட்டை 'இருப்பது' அல்ல, இல்லாதது என்பதால் அது என் பிரிவில் வராது.

தையல்காரம்மா காகிதத்தை வாங்கவில்லை. மகளை இடுப்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம் முன்னாடி இவ அங்கதான் படுத்திருந்தா. எழுந்து போகாம இருந்திருந்தா... யாரு சார் பொறுப்பு?"

நியாயமான கேள்வி. அதற்கும் எங்கள் ஒப்பந்தத்தில் தெளிவான விடை உண்டு என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். தரையில் படுத்திருக்கும் எட்டு வயதுக் குழந்தை முழங்காலுக்குக் கீழேதான் வரும். தாயார்தான் பொறுப்பு.