நாய்க்கு விரித்த கோட்டு

கயிறு கிளிஃபோர்டின் கையில்தான் இருந்தது, நாயைத்தான் காணோம். சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரிப்பதற்காக ஒரு நிமிடம் அவிழ்த்துவிட்டார். பிக்கிள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவனைப் போல டார்ட்மூர் மேட்டின் மூடுபனிக்குள் ஓடிவிட்டது.

புதன்கிழமைதோறும் அதை இந்த மேட்டுக்குக் கூட்டிவருவது அவர் மனைவி கிளெனிஸ். இன்று பிளிமத்திலிருக்கும் தங்கை வீட்டுக்கு என்று புறப்பட்டாள்; தங்கைக்கு நாய்முடி ஆகாது.

"தோட்டத்தைத் தாண்டிக் கூட்டிட்டுப் போகாதீங்க. அதுக்கு ஏதாவது ஆச்சு, அப்புறம் நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். அவள் சொன்னால் செய்வாள் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். கிளிஃபோர்டுக்கோ, தானும் நாயை மேட்டுக்குக் கூட்டிப்போய் அவளை அசத்த வேண்டும் என்று ஆசை.

"பிக்கிள்!" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது.

பனிக்குள்ளிருந்து தடியூன்றிய அம்மாள் ஒருத்தி வந்தாள். "கத்துனா நாய் வராதுப்பா. கோட்டைக் கழற்றி, அது ஓடின இடத்துல விரிச்சுட்டுத் தள்ளி நில்லு. மனசுக்குப் பிடிச்சவங்க வாசனை இருந்தா நாய் தேடி வந்து படுத்துக்கும். இங்க எல்லாரும் அப்படித்தான் செய்வோம்."

"மழை வர்ற மாதிரி இருக்கேம்மா?"

"நாய் வேணுமா, கோட்டு வேணுமா?"

விரித்தார். தள்ளிப் போய் நின்றார். திரும்பி வந்து பார்த்தால் கோட்டின் மேல் கொம்பு வைத்த ஆடு ஒன்று சொகுசாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"ஏய், எழுந்திரு! உனக்கா விரிச்சேன்?"

ஆடு எழுந்தது. கோட்டின் கை கொம்பில் மாட்டிக்கொள்ள, அப்படியே ஓடிச் சேற்றுக்குழியில் அதை உதறிவிட்டுப் போனது. காரின் சாவி, போன் எல்லாவற்றையும் சேர்த்துச் சேறு விழுங்கிக்கொண்டது.

வாசனை போதவில்லையோ என்று ஸ்வெட்டரையும் கழற்றி விரித்தார். அப்போது மழை பிடித்தது. நாய் வரவில்லை. ஸ்வெட்டரை எடுத்துப் பிழிந்தார், போட முடியவில்லை. பல் கிடுகிடுக்க, 'இனி தனியாகத்தான் சமைத்துச் சாப்பிட வேண்டும்' என்று நினைத்தபோது கண்ணும் கலங்கியது.

போன் கேட்டாவது பார்க்கலாம் என்று, கீழே தெரிந்த விளக்கைப் பார்த்து நடந்து, பள்ளத்தாக்கிலிருந்த விடுதிக்குள் நுழைந்தார்.

கணப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால், யாரோ ஒருவருடைய பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டைத் தரையில் இழுத்துப் போட்டு, அதன்மேல் பிக்கிள் சுருண்டு படுத்திருந்தது. அவரைப் பார்த்து ஒரு கண்ணைத் திறந்து, திரும்ப மூடிக்கொண்டது.

"அடப்பாவி, இங்கயா இருக்க!" கிளிஃபோர்ட் சொட்டச் சொட்ட மண்டியிட்டு அதைக் கட்டிக்கொண்டார். குடும்பம் பிழைத்தது. கிளெனிஸுக்கு ஒன்றுமே தெரியப்போவதில்லை.

கோப்பை துடைத்துக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "உங்ககூடத்தான் வந்துச்சா சார்? புதன்கிழமை தவறாம அதோட அப்பா அம்மாகூட வரும். இன்னிக்கு அவங்க மட்டும் வந்தாங்களேன்னு பார்த்தேன். பின்னாலேயே தேடி வந்து அதோட அப்பா கோட்டை இழுத்துப் போட்டுப் படுத்துக்கிச்சு. மாடி ரூம்லதான் இருக்காங்க, கூப்பிடவா?"