சொரசொரப்பு அக்காவின் பிரேக் சோதனை

உலகத்தில் வழவழப்பான எதையுமே நம்பாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் ஆய்வகத்துச் சொரசொரப்பு அக்காதான். அவர் வெறுத்தவை: பளிங்குத் தரை, புதுச் சோப்பு, நைலான் புடவை, தடங்கலே இல்லாமல் பேசும் மாப்பிள்ளை. கடைசி வகையில் மூன்று பேரைத் திருநெல்வேலிக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். "ஏட்டி, பிடிமானமே இல்ல கேட்டியா. எப்ப நழுவுவான்னு சொல்ல முடியாது."

வெறுப்புக்குக் காரணம் தொழில். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் பின்கட்டில் நாங்கள் இருவரும் கார்பன் நானோகுழாய்களை முறுக்கி நூல் செய்துகொண்டிருந்தோம். கார்களில் தாமிரக் கம்பிக்குப் பதிலாக அந்த நூலைப் பொருத்துவதாகத் திட்டம். நானோகுழாய் கண்ணுக்கே தெரியாது. ஆனால் தனியாக இழுத்தால் எஃகையும் தோற்கடிக்கும். அதையே கோடிக்கணக்கில் கட்டாகச் சேர்த்து இழுத்தால் மானம் போகும். மேற்பரப்பு அவ்வளவு வழவழப்பு. ஒரு குழாய்கூட அறாது. ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போக, சத்தமே இல்லாமல் நூல் இரண்டாகப் பிரிந்துவிடும்.

கார் கம்பெனிக்காரர்கள் வந்து பார்க்கும் நாளில் நூல் தாங்காவிட்டால் ஆய்வகத்துக்குப் பூட்டு என்று ஜி.எம். சொல்லிவிட்டார். அக்கா குழாய்களை அமிலத்தில் ஊறவைத்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினார். ஆசை மிகுந்து அதிக நேரம் ஊறவைத்ததில் குழாய்களே ஓட்டையாகி, நூல் அப்பளமாக நொறுங்கியது.

"அக்கா, ஓவராயிடுச்சுக்கா."

"ஆமாட்டி. பாசம் கூடிப்போச்சு."

மறுநாள் காலை, குன்றத்தூரிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸுக்குக் குறுக்கே ஓர் எருமை வந்தது. டிரைவர் மிதித்த பிரேக்கில் நின்றிருந்தவர்களில் பாதிப் பேர் முன்கண்ணாடி வரை போய் வந்தோம். பின்பக்கம் நின்ற அசெம்பிளி லைன் பெண்கள் மட்டும் அசையவில்லை. அவர்களுடைய சாப்பாட்டுப் பை, குடைக் கம்பி, ஐடி கார்டு நாடா எல்லாம் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு கிடந்தன. எல்லோரும் டிரைவரைத் திட்ட, அக்கா கை தட்டினார்.

"பாத்தியாட்டி! நெருக்கி நின்னா மட்டும் பத்தாது, அங்கங்க ஒரு கொக்கி வேணும். ஆளைப் பிய்க்காத அளவுக்குக் கொக்கி! அமிலத்துல கொஞ்ச நேரம் போதும். அண்ணே, இன்னொருக்க பிரேக் போடுங்க!"

"இன்னாம்மா, வெளாட்றியா? எவன் பல்லுனா பேந்துச்சுன்னா எனக்கு வேல பூடும்."

ஜி.எம். லேசில் மசியவில்லை. "மறுபடியும் அமிலமா? எனக்குப் புரியற மாதிரி காரணம் சொல்லுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார். அக்கா அவரை நேராகத் தொழிற்சாலை வளாகத்தில் நின்ற பஸ்ஸுக்கு அழைத்துப் போனார். ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பியிருந்த ஜி.எம். அன்று பட்டுச் சட்டையில் இருந்தார். பின்னால் அதே பெண்கள், அதே பைகளோடு. டிரைவர் சாமி கும்பிட்டுவிட்டு மெதுவாக ஓட்டி, பிரேக் அடித்தார்.

ஜி.எம். ஒரே வழுக்கலில் போய் கியர் கம்பியைக் கட்டிக்கொண்டார். அங்கிருந்தபடியே திரும்பிப் பார்த்து, ஏமாற்றப்பட்டவர் குரலில் கேட்டார்: "அவங்க ஏன் வரல?"

"சார், நீங்க பழைய நூலு. அவங்க புது நூலு."

ஜி.எம். முட்டியைத் தடவிக்கொண்டார். "சரி. ஒரே ஒரு தடவை."

கார் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். புது நூலை இயந்திரத்தில் மாட்டி இழுத்தோம். திரையில் எண் ஏறிக்கொண்டே போய், அவர்கள் கேட்ட அளவைத் தாண்டியது. அப்புறம், "பட்!"

அக்காவும் நானும் கூச்சலிட்டுக் கட்டிக்கொண்டோம். வந்தவர்கள் மிரண்டார்கள். "அறுந்துபோச்சே? எதுக்குச் சந்தோஷப்படறாங்க?"

ஜி.எம். முன்னால் வந்து, அனுபவஸ்தராக விளக்கினார். "நழுவல சார், அறுந்துச்சு. ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு என் முட்டியைக் கேளுங்க."

ஆய்வகத்துக்குப் பூட்டு வரவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும்வரை நாங்கள் கட்டிக்கொண்ட இடத்திலேயே நின்றிருந்தோம். அக்காவின் கோட்டுப் பொத்தானில் என் துப்பட்டா மாட்டியிருந்தது.

"இழுக்காதட்டி, கிழிஞ்சிரும்" என்றார் அக்கா.

நான் இழுக்கவே இல்லை.