நெட்டிராத் திருநாளும் கல்லடி ராசாவும்

இந்த மார்கழியில் கல்லடியில் ஒரு ராசா முடிசூடியே தீருவான் என்று ஜெயரூபன் முடிவெடுத்துவிட்டான். ராசா வேறு யாருமில்லை, அவனேதான்.

பழைய இரும்பு வாங்கி விற்கிற ஜெயரூபனுக்குப் பேஸ்புக்கில் ஒரு கூட்டம் இருந்தது. பறங்கியர் கப்பலெல்லாம் நடுக்கடலில் கவிழ்ந்து, மட்டக்களப்பு வாவி ராச்சியம் இன்றுவரை நிலைத்திருந்தால்? அப்படியொரு சரித்திரத்தைக் கட்டி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். வருசத்தின் ஆக நீண்ட இரவுக்கு நெட்டிராத் திருநாள் என்று பெயரும் வைத்தாயிற்று. சட்டம் போட்டது ஜெயரூபன். தொண்டை கட்டுமட்டும் கத்தி அதை ஏற்க வைத்தான்: பொழுது பட்டதும் வீட்டுக்கு உடையவர் முடி தரித்துக் கதிரையில் இருப்பார், மற்றவர்கள் அவர் சொன்னதைச் செய்ய வேண்டும்.

சந்தையில் அவனிடம் வென்றவன் கிடையாது. வீட்டில் மனைவி வதனியிடம் அவன் ஒருநாளும் வென்றது கிடையாது. இந்த ஒரு இரவாவது, அதுவும் நாலு பேர் பார்க்க!

"வதனி, அண்டைக்கு நான் சொல்லுறத நீ செய்யணும். சட்டம்!"

"ராவு ஏழு மணி வரைக்கும் செய்யலாம்."

"என்னகா, என்னட்டயே பேரமா? விடியுமட்டும்!"

"சரி, விடியுமட்டும். மறுகா பேச்சு மாறப்படா."

"என்ட தலையில கைவச்சுச் சத்தியம்!"

வதனி சிரிக்காமல் தேங்காய் துருவினாள். ஜெயரூபனுக்குப் புல்லரித்தது. முதல் வெற்றி!

திருநாளும் வந்தது. பித்தளைத் தகட்டில் தானே தட்டிய முடியோடு நின்றான். கூட்டம் திரண்டு வந்து சங்கு ஊதியது. ராசா கதிரையில் குந்தப்போனான்.

"இஞ்சருங்க, பொறுங்க," என்றாள் வதனி. கூட்டத்தின் தலைவன் மதுரனைப் பார்த்தாள். "தம்பி, இது ஆர்ட வீடு?"

மதுரன் தலையைச் சொறிந்தான். "உங்கட சீதன வீடக்கா."

"ஓம். நம்மட ஊரில வீடு பொம்புளைக்குத்தானே. இவர் ஒரு சூட்கேசோட வந்தவர்."

கூட்டம் கூரை பறக்கக் கத்தியது: "சரித்திரமெண்டா இதுதான்! ராணி வாழ்க!"

"டேய், நில்லுங்கடா! சட்டத்த மாத்துவம்!"

"சத்தியம் பண்ணின தலை பத்திரம்," என்று சொல்லி, அந்தத் தலையிலிருந்து முடியைக் கழற்றித் தான் வைத்துக்கொண்டாள் வதனி.

"அப்ப... ஏழு மணி வரைக்கும்?"

"விடியுமட்டும். நீங்க கேட்ட விலைதானே? போய் நண்டக் கழுவுங்க."

அன்றைக்கு ராசாவைக் கண்டு கை தூக்கியது குசினிச் சட்டிக்குள் கிடந்த நண்டு மட்டுந்தான்.