ஏழாவது மாடி, இரண்டு மாதம்

மனித குலம் கண்ட நிர்வாக முறைகளிலேயே தலைசிறந்தது, கைக்கு வந்ததைக் கவிழ்த்து வைப்பதுதான். எங்கள் வீட்டுவசதி அலுவலகத்தின் லிஃப்ட் பிரிவு இதை ஐயந்திரிபற நிரூபித்துவிட்டது. அந்தப் பிரிவில் குமாஸ்தாவாக இருக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது.

எல்லாப் புகழும் எங்கள் மேலாளருக்கே. 'முடிவெடுக்கும் கலை' என்ற மூன்று நாள் பயிற்சிக்குப் போனவர், போக்கர் என்னும் சீட்டாட்டத்தைக் கற்றுக்கொண்டு திரும்பினார். அதில் முதலில் ஆளுக்கு இரண்டு சீட்டு தருவார்கள். அந்த இரண்டைப் பார்த்தே ஆட்டத்தில் இறங்குவதா, கவிழ்த்துவிட்டு ஒதுங்குவதா என்று தீர்மானிக்க வேண்டும். இரண்டும் ஒரே எண்ணாக ஜோடி சேர்ந்தால் நல்ல கை; அந்த ஜோடி இரண்டு ஏஸாக இருந்தால் அதற்கு மிஞ்சிய கை கிடையாது. கெட்டிக்காரன் பத்துக்கு எட்டு முறை ஒதுங்கிவிடுவானாம். கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடமாக நாங்கள் செய்துவந்ததற்கு ஒரு சாஸ்திரம் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

மதிய இடைவேளைகளில் மேலாளர், லிஃப்ட் இன்ஸ்பெக்டர், நான் மூவரும் 'களப்பயிற்சி' எடுத்தோம். மூவருமே நல்ல சீட்டுக்காகக் காத்திருந்ததால் ஒன்றரை மாதத்தில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அவ்வளவு தேர்ச்சி.

அடுத்து, சாஸ்திரம் கோப்புகளுக்கு வந்தது. எங்களுக்கு வரும் மனுக்களில் தவறாமல் இரண்டு எண்கள் இருக்கும்: எத்தனையாவது மாடி, எத்தனை மாதமாக லிஃப்ட் ஓடவில்லை. அவைதான் அந்த இரண்டு சீட்டு என்று மேலாளர் ஆணையிட்டார். எந்தக் கைக்கு இறங்கலாம், எதைக் கவிழ்க்கலாம் என்று ஒரு அட்டவணை சுவரில் ஏறியது. நாலாவது மாடி, நாலு மாதம் என்று ஒரு மனு வந்த அன்று இன்ஸ்பெக்டர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார். ஜோடி அல்லவா. எங்கள் அலுவலகத் தலைவரின் மைத்துனர் வீட்டு லிஃப்டில் பழுதே இல்லை, கண்ணாடி மட்டும் வேண்டும் என்றார். மாடியைக்கூடக் கேட்காமல் அதை 'இரண்டு ஏஸ்' என்று அறிவித்துவிட்டார் மேலாளர்.

இருப்பதிலேயே மட்டமான கை, ஏழும் இரண்டும். அதைக் கொண்டுவந்தவர் ஒரு தையல்காரப் பெண்மணி.

அவர் கணவர் சமையல்காரர், நூற்றுப்பத்து கிலோ. கால் முறிந்து, மாவுக்கட்டோடு லிஃப்டில் ஏறி வீடு போய்ச் சேர்ந்தார். மறுநாளே லிஃப்ட் நின்றது. ஆறு வாரத்தில் வந்து, எலும்பு நேராகக் கூடியிருக்கிறதா என்று காட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். தூக்க வந்த நாலு பேரும் மாடிப்படியின் முதல் திருப்பத்திலேயே மூச்சு வாங்கி, அவரைத் திரும்பக் கட்டிலில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். இதையெல்லாம் அந்த அம்மாள் சொல்லி முடிப்பதற்குள் நான் மனுவைக் கவிழ்த்துவிட்டேன். ஆனாலும் எனக்கு மனசு உண்டு. வழி சொன்னேன்.

"இன்னும் அஞ்சு மாசம் பொறுத்துக்குங்கம்மா. ஏழுக்கு ஏழு ஜோடி சேர்ந்துடும். அன்னைக்கே ஆள் வந்து நிப்பாரு."

"அதுவரைக்கும் அவரு கட்டோடவே கெடக்கணுமா சார்?"

"இல்லேன்னா ரெண்டாவது மாடிக்குக் குடி போயிடுங்க. ரெண்டுக்கு ரெண்டு. அதுவும் ஜோடிதான்."



"அஞ்சு மாடி எறங்க முடிஞ்சவரு இன்னும் ரெண்டு மாடி எறங்கமாட்டாரா சார்?"

அவரை மேலாளரிடம் அனுப்பினேன். மேலாளர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அட்டவணையை அரைமணி நேரம் விளக்கி, ஒரு நகலும் கொடுத்தனுப்பினார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. தேநீர் குடித்ததும் சரியாகிவிட்டது.

மறுமாதமும் வந்தார். ஏழும் மூன்றும். அதையும் கவிழ்த்தோம்.

அதற்கடுத்த மாதம் வந்தபோது கையில் மனு இல்லை. அரிப்பு தாங்காமல் கணவர் அழுதாராம். துணி வெட்டும் கத்தரிக்கோலாலேயே கட்டைப் பிரித்துவிட்டாராம் இவர். எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. இப்போது சமையல்காரர் எழுந்து நின்றால் ஒரு பாதம் நேராகவும் மற்றது வாசலைப் பார்த்தும் இருக்கிறதாம். அரைமணிக்கு மேல் அடுப்படியில் நிற்க முடியாததால் வேலையும் போய்விட்டது.

மேலாளர் மகிழ்ந்து, 'மனுதாரரின் தேவை நீங்கியது' என்று எழுதி, வெற்றிகளின் பட்டியலில் சேர்த்தார். அந்த அம்மாள் போகும்போது ஒன்றே ஒன்று கேட்டார்.

"இவ்வளவு நாளா ஆடறீங்களே சார், நீங்க என்னத்தத் தோத்தீங்க?"

ஒன்றும் இல்லை என்பதைப் பெருமையுடன் பதிவு செய்கிறேன். மேசைமேல் பணயமாக இருந்தது சமையல்காரரின் கால். எங்கள் கால்கள் ஆறும் மேசைக்கு அடியில் பத்திரமாக இருந்தன.