விதைக்காட்டின் இருபத்து மூன்று நட்சத்திரங்கள்

“பள்ளிக்கூடம் இவ்வளவு பக்கத்துல இருக்குது. அப்புறம் ஏன் கண்ணு நின்னுட்ட?”

நசீபா அக்கா கையில் படிவத்தோடு என்னிடம் கேட்ட கேள்வி இது. எங்கள் வாசலில் நின்று கூப்பிட்டால் வாத்தியாருக்குக் கேட்கும். அவ்வளவு பக்கம். ஆனாலும் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். காரணத்தை அக்காவின் காதில் மட்டும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கக்கூஸ் இல்லை. வயசுக்கு வந்த பிறகு காட்டுக்குள் ஒதுங்க முடியவில்லை. படிவத்தின் அடியில் ‘பிற காரணம்’ என்று ஒரு கோடு இருந்தது. நான் சொன்னதை அக்கா அதில் அப்படியே எழுதிக்கொண்டார்.

மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஷேக் பரீத்தின் மகள் அவர். டாக்டர் பட்டத்துக்குப் படித்தார். மலையில் பெண்பிள்ளைகள் ஏன் பாதியில் நிற்கிறார்கள் என்பது ஆராய்ச்சி. அதற்காக, எங்கள் மலையில் நாடு என்று சொல்லும் ஊர்த்தொகுப்புகளில் ஒன்றான பெரக்கரை நாட்டில் நூற்றுப் பன்னிரண்டு வீடு ஏறி இறங்கினார். வழி காட்ட நான் கூடப் போனேன்.

அந்த நூற்றுப் பன்னிரண்டு படிவத்தில் முப்பத்தொன்றைக் குப்பையில் போடச் சொன்னார் ஒரு மகான். அந்த முப்பத்தொன்றில் என்னுடையதும் ஒன்று. அந்த மகானின் கதைதான் இது.

பேராசிரியர் அர்த்தனாரி என்றால் அப்போது ஆராய்ச்சி மாணவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். 2001ஆம் வருடம் வைகாசியில் செம்மேட்டுக்குப் பக்கத்து விடுதி ஒன்றில் பத்து நாள் முகாம் போட்டார். சமூகத்தை எண்ணால் அளப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்கும் முகாம். சென்னை, மதுரை, கோயம்புத்தூர் என்று பதினெட்டுப் பேர் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். எல்லார் கையிலும் ஒரு கட்டுப் படிவம். முக்கால்வாசிப் பேர் கையில் மாம்பழக் கூடை. காணிக்கை இல்லாமல் சன்னதிக்குப் போகலாமா?

சன்னதி என்றது சும்மா இல்லை. ஜீப்பில் மெத்தை போட்டு ஏற்றி வந்த கம்ப்யூட்டருக்குத் தனி அறை. நெற்றியில் சந்தனம், குங்குமம். அந்த அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு யாரும் போகக் கூடாது. கடவுச்சொல் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ராகு காலத்தில் என்டர் பொத்தானைத் தட்டவே மாட்டார். தட்டினால் நட்சத்திரம் விழாதாம்.

நட்சத்திரம் என்ன என்று எனக்கு முதலில் புரியவில்லை. சமையல்காரி கண்ணாயி அக்காவுக்கு டீ தூக்க ஆள் வேண்டியிருந்ததால் நானும் அங்கே இருந்தேன். தட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றால் அவளுக்குக் காது இருக்கும் என்று பெரிய மனிதர்கள் நினைப்பதே இல்லை. அது எனக்கு வசதி. பத்து நாளும் கேட்டதை எல்லாம் நோட்டில் எழுதி வைத்தேன்.

சங்கதி இதுதான். ஒரு கேள்விக்கு வந்த பதிலும் இன்னொரு கேள்விக்கு வந்த பதிலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகின்றனவா என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். போவதாகத் தோன்றினால் அந்த வரியின் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடும். நட்சத்திரம் விழுந்தால் ஆராய்ச்சி பலித்தது. விழாவிட்டால் டாக்டர் பட்டம் கிடையாது என்று பேராசிரியர் எல்லார் தலையிலும் ஏற்றி வைத்திருந்தார்.

“நட்சத்திரம் இல்லாத ஆராய்ச்சி, தாலி இல்லாத கல்யாணம் மாதிரி!” என்பார். பதினெட்டுப் பேரும் குறிப்பெடுப்பார்கள்.

அருணாசலம் என்ற மாணவருக்கு முதல் நாளே ஏழு நட்சத்திரம் விழுந்தது. மனிதர் அழுதேவிட்டார்.

“சார், நாலு வருசமா ஒண்ணுகூட விழலீங்க! உங்க கை பட்டதும்...”

“கையில என்னப்பா இருக்கு? எல்லாம் மேல இருக்கறவன் செயல்” என்று பேராசிரியர் மின்விசிறியைக் காட்டினார்.

நான்காம் நாள், சனிக்கிழமை, நசீபா அக்காவின் முறை வந்தது. பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“பள்ளிக்கூடம் தூரமா இருந்தா புள்ளைங்க நிக்குது. இது ஊருக்கே தெரியும். உன் படிவத்துல மட்டும் தெரியலையே?”

“பக்கத்துல இருக்கறவங்களும் அதே அளவுக்கு நின்னிருக்காங்க சார். தூரம் காரணமில்லன்னு தெரியுது. அதுவும் ஒரு முடிவுதானுங்களே?”

“அது முடிவில்லம்மா, தோஷம். பக்கத்துல இருந்தும் நின்னது முப்பத்தோரு பேர். அவங்கள எடுத்துரு. நட்சத்திரம் ஜம்முனு விழும்.”

“அவங்க நெசமான ஆளுங்க சார். நான் நேர்ல பாத்தவங்க.”

“கெட்டுப்போன தக்காளிகூட நெசந்தான். கூடையில வெச்சுக்குவியா?”

பதினெட்டுப் பேரில் பதினேழு பேர் சிரித்தார்கள். நான் டீத் தட்டோடு நின்றிருந்தேன். கெட்டுப்போன தக்காளி டீ கொடுத்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது.

அக்காவுக்கு இக்கட்டு. அந்த மாதக் கடைசியோடு ஆறு வருடப் பதிவு முடிகிறது. அர்த்தனாரி கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வேட்டை வாங்குவேன் என்று அக்காவின் கல்லூரி வழிகாட்டி சொல்லிவிட்டார். முப்பத்தொன்றை எடுத்தால் கையெழுத்து விழும், பட்டம் உண்டு. எங்கள் முப்பத்தொரு பேர் சொன்ன காரணம் குப்பைக்குப் போகும். எடுக்காவிட்டால் அக்காவின் ஆறு வருடம் போகும். “மூணு நாள் டைம் குடுங்க சார்” என்று கேட்டு வந்து, சமையற்கட்டில் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

“எடுத்துரலாமா ராதிகா?” என்று என்னைக் கேட்டார்.

எனக்குப் பேச வராது. ஆனாலும் சொன்னேன். “அக்கா, அவரு கம்ப்யூட்டருக்கு ஆளு நெசமா பொய்யான்னு தெரியுமா?”

அக்கா துண்டால் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“புளியங்கொட்டை இருக்கா?” என்றார்.

ஐந்து புளியங்கொட்டையில் கத்தியால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று கீறினோம். காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் குலுக்கினோம். பேராசிரியரின் முறைப்படி எந்தக் கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள்தான் பதில். கோழி வளர்ப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? கண்ணை மூடி ஒரு கொட்டை எடு. நாலு. வாழ்க்கையில் திருப்தியா? குலுக்கு, எடு. ரெண்டு. வந்த எண்ணைப் புதுப் படிவத்தில் எழுது. இப்படி முப்பது கேள்வி, ஐம்பது வீடு. மூன்று நாளில் ஆயிரத்து ஐந்நூறு தடவை குலுக்கினோம். விரலில் கொப்புளம்.

“என்ன சாமி, படிச்ச புள்ளைங்க பல்லாங்குழி ஆடறீங்களா?” என்றாள் கண்ணாயி அக்கா.

“ஊரு கட்டறோமுங்க அக்கா” என்றேன்.

ஊருக்கு விதைக்காடு என்று பெயர் வைத்தோம். தேவனூர் நாட்டுக்கு அந்தப்புறம் இருப்பதாக எழுதினோம். புதன்கிழமை அக்கா அந்தப் படிவக் கட்டை, முன்பே எடுத்த இன்னொரு ஊர்க் கணக்கு என்று சொல்லிப் பணிவோடு கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை, சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரையும் கூட்டி, தாளை உயர்த்திப் பிடித்தார் பேராசிரியர்.

“இருபத்து மூணு நட்சத்திரம்! என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஊரப் பாத்ததில்ல!”

கைதட்டல்.

“கோழி வளக்கறது முக்கியம்னு சொல்றவங்க ஊட்டுல பெண்கல்வி குறைவு. ஏன்? கோழிக்குத் தீனி போட ஆள் வேணும். பொண்ண நிறுத்திர்றாங்க! மிளகு அதிகமானா சாமி நம்பிக்கை அதிகம். ஏன்? கொடி ஏறணும்னா பயம் வரும், பயம் வந்தா பக்தி வரும்!”

பேனாக்கள் ஓடின. அருணாசலம் ‘பயம், பக்தி’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

நசீபா அக்கா எழுந்தார். “சார், விதைக்காடு உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“தெரியாமலா? போன வருசம்கூடப் போயிருந்தேன். நல்ல சனங்க. கோழிக் குழம்பு வெச்சுக் குடுத்தாங்க.”

அக்கா என்னைப் பார்த்தார். டீத் தட்டைக் கீழே வைத்தேன். போய் மேசையில் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்தேன். ஐந்து கொட்டைகள் உருண்டன.

“இதுதானுங்க விதைக்காடு” என்றேன். அந்தப் பத்து நாளில் கூடத்தில் நான் பேசியது இவ்வளவுதான்.

அக்கா நடந்ததைச் சொன்னார். கண்ணாயி அக்கா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்து, “ஏனுங்க சார், கொழம்பு வெச்சது இதுல எந்தக் கொட்டைங்க?” என்றாள்.

பேராசிரியர் சமாளித்தார். “இது... இது தற்செயல். பிரபஞ்சத்துல ஒரு ஒழுங்கு இருக்கு. கொட்டைக்கும் இருக்கும்.”

“அப்படீன்னா மறுபடி குலுக்குனாலும் அதே நட்சத்திரம் அதே எடத்துல விழணுமில்லீங்களா?” என்றார் அக்கா.

“விழும்! சார் சொன்னா விழும்!” என்று எழுந்தவர் அருணாசலம். “நானே குலுக்கறேன்!”

அன்று மத்தியானம் அந்தக் கூடத்தைப் பார்த்திருக்க வேண்டும். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் பதினெட்டுப் பேர் பாய் விரித்து உட்கார்ந்து புளியங்கொட்டை குலுக்கினார்கள். பத்து நாள் முகாமில் உருப்படியாக நடந்த பாடம் அது ஒன்றுதான். பாதிப் பேருக்குக் குலுக்கும்போதே சந்தேகம் வந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது.

கண்ணாயி அக்காவுக்குத்தான் சூட்சுமம் விளங்கவில்லை. “கொட்டைக்கு எப்படி கண்ணு நட்சத்திரம் விழுந்துச்சு?”

நசீபா அக்கா சொன்னார். “முப்பது கேள்வியில ஒண்ணோட ஒண்ணச் சோடி சேத்தா நானூத்து முப்பத்தஞ்சு சோடி வருமுங்க. ஒரு சம்பந்தமும் இல்லீன்னாலும், இருவது சோடிக்கு ஒண்ணு சும்மாவே ஒட்டுன மாதிரி தெரியும். அப்ப இருவத்தி ரெண்டு, இருவத்தி மூணு வரத்தான செய்யும்? சார் அந்த இருவத்தி மூணு வரிய மட்டும் காட்டுவாரு. மிச்சம் நானூத்திப் பன்னெண்டு வரிய மடிச்சு வெச்சுக்குவாரு.”

கண்ணாயி அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அடப் போங்க! எங்கூருக் கோடாங்கி ராசப்பனும் இதத்தானுங்க பண்றான். ஊரு பூராவுக்கும் குறி சொல்லுவான். பலிச்சவன மட்டும் அடுத்த வாரம் கூப்புட்டுப் பேச வெப்பான். பலிக்காதவன் வெக்கப்பட்டுக்கிட்டு ஊட்டுலயே கெடப்பான். அவங்கிட்ட உடுக்கை, இவருகிட்ட கரண்டுப் பொட்டி. அவ்வளவுதான?”

அவ்வளவேதான். கண்ணாயி அக்கா பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு எண்களை அடித்து ஏற்றத் தொடங்கி, பத்துக்கு முடித்தார்கள். அறைக்குள் எல்லாரும் நெருக்கியடித்து நின்றோம். பேராசிரியரே பொத்தானைத் தட்டினார். இந்த முறை எல்லாப் பக்கத்தையும் அச்சடிக்கச் சொல்லி நசீபா அக்கா நின்றார். தாள் வந்துகொண்டே இருந்தது. அருணாசலம் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார்.

நட்சத்திரம் இருந்தது. பத்தொன்பது. ஆனால் இடம் மாறியிருந்தது. மிளகுக்கும் சாமிக்கும் இருந்த உறவு அறுந்துபோயிருந்தது. கோழி வளர்ப்பவர்கள்தான் இப்போது பெண்களை அதிகம் படிக்க வைத்தார்கள்.

“சார்...” அருணாசலம் தாளிலிருந்து விரலை எடுத்தார். “என்னோட ஏழு நட்சத்திரம்?”

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார்.

“மிச்சப் பக்கத்தைக் குடுங்க சார். எனக்கு விழாத வரியெல்லாம் வேணும்” என்றார் அருணாசலம்.

“எனக்கும் சார்.” “எனக்கும்.” சன்னதியில் கூச்சல். அப்போதுதான் கவனித்தேன். பதினெட்டுப் பேரும் செருப்போடு உள்ளே நின்றிருந்தார்கள். கம்ப்யூட்டர் கோபித்துக்கொள்ளவில்லை. ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாவம், அது என்ன பண்ணும்? கேட்டதற்குக் கணக்குப் போட்டது. கேட்கத் தெரியாதவர்கள் அதற்குக் குங்குமம் வைத்தார்கள்.

நசீபா அக்கா நூற்றுப் பன்னிரண்டு படிவத்தையும் மேசையில் வைத்தார். ஒன்றும் குறையவில்லை. பக்கத்தில் கையெழுத்துத் தாளை வைத்தார். சண்டை போடவில்லை. “பாருங்க சார்” என்று மட்டும் சொன்னார்.

கட்டின் மேலே இருந்தது என் படிவம். அக்கா வேண்டுமென்றுதான் வைத்திருப்பார். பேராசிரியர் எண்களைத் தாண்டி அடியில் இருந்த கோட்டுக்கு வந்தார். ‘பிற காரணம்’. படித்தார். அடுத்த படிவத்தை எடுத்தார். அதிலும் அந்தக் கோடு. அடுத்தது. ஏழெட்டுப் படிவங்களில் ஒரே பதிலை, நசீபா அக்காவின் ஒரே கையெழுத்தில், வெவ்வேறு பெண்களின் பேச்சில் படித்தார். அதற்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எண் ஏதும் இல்லை. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

இதைப் படிக்கிறவர்கள் படித்தவர்களாகத்தான் இருப்பீர்கள். ஒன்று கேட்கிறேன். கோடாங்கியிடம் போகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் யாராவது தாளில் அச்சடித்து நட்சத்திரம் காட்டினால், மடித்து வைத்த பக்கம் எங்கே என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்க வாய் வராவிட்டால் போகிறது. ஐந்து புளியங்கொட்டை வீட்டில் இருக்கும்.

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தே முக்கால். வெள்ளிக்கிழமை பத்தரைக்கே ராகு காலம் பிறந்துவிடும். யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. நான் டீயை நீட்டினேன். அர்த்தனாரி அதை வாங்கவில்லை. முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார்.