வெளியே வராத கோலி

இரும்புக் கோலி வளையக் குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே மட்டும் வருவேனா என்றது.

கண்மணி ஒன்பதாவது முறையாகப் பொத்தானை அழுத்தினாள். மலேசியாவின் கோலா சிலாங்கூர் மண்டபத்தில் ஆசிரியர்களுக்கான அறிவியல் போட்டி. நடுவர் இரண்டு மேசை தள்ளி வந்துவிட்டார். கண்மணி கொண்டுவந்திருந்தது, எலெக்ட்ரான்களை வட்டக் குழாயில் அதிவேகமாகச் சுற்றவிடும் சின்க்ரோட்ரான் எந்திரத்தின் சின்ன மாதிரி வடிவம். எலெக்ட்ரானுக்குப் பதில் கோலி. பொத்தானை அழுத்தினால், கோலி வருவதை ஒரு சென்சார் கண் பார்த்துக் காந்தச் சுருளை முடுக்கும். சுருள் கோலியைக் கிளைக் குழாய்க்குள் இழுக்கும். கோலி வெளியே வந்து மணியை அடிக்கும். அடித்தால் பள்ளியின் அறிவியல் கழகம் அவள் பொறுப்பு. இல்லையென்றால் அதே பள்ளியில் வேலைபார்க்கும் உமாபதி சாரிடமே இருக்கும். நான்கு வருடமாக ஒரே எரிமலை மாதிரியைக் காட்டியே கழகத்தைத் தூங்கவைத்திருந்தார் மனிதர்.

"எல்லாம் சொந்தக் கையால செஞ்சது லா," என்று அடுத்த மேசையில் எரிமலையைத் தடவினார் உமாபதி. "உங்க கோலிக்கு வெளிய வர வெக்கமா டீச்சர்?"

"வேகம் பத்தல," என்றாள் கண்மணி. வேன் ஓட்டுநர் காளியண்ணன் ஓடிப்போய் வேன் பேட்டரியையே கழற்றிவந்து மாட்டினார். கோலி பேய் பிடித்தாற்போல் சுற்றியது. வரவில்லை.

"இழுப்பு பத்தல," என்றாள் அடுத்து. வேன் ஹாரனைப் பிரித்து அதன் சுருளும் சேர்க்கப்பட்டது. மேசை நடுங்கியது. வேனில் பாதி மேசைமேல் கிடந்தது. கோலி உள்ளேதான்.

கண்மணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குனிந்து பார்த்தாள். சென்சார் கண்ணின்மேல் அம்சமாக ஒரு சந்தனப் பொட்டு.

"யாருண்ணே வச்சது?"

"நான்தான் டீச்சர். புது மிஷினாச்சே, பொட்டு வைக்காம எப்படி?"

முந்தானையால் துடைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். நடுவர் டாக்டர் கங்கா வந்து நிற்கவும், பேட்டரியும் ஹாரனும் சேர்ந்து இழுத்த இழுப்பில் கோலி பாய்ந்து வந்து, மணியை அடித்து, மணியையும் தள்ளிக்கொண்டு போய் எரிமலையை இரண்டாகப் பிளந்தது.

"வந்துருச்சு! வந்துருச்சு!" கண்மணி குதித்தாள். கல்யாணத்தன்று கூட அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

"அநியாயம்! இவங்கள போட்டியிலேர்ந்தே நீக்கணும்!" என்று கத்தினார் உமாபதி.

வெளிநாட்டில் நிஜ சின்க்ரோட்ரானில் வேலை பார்த்தவர் டாக்டர் கங்கா. அவர் சிரித்தார். "நாங்களும் இதுக்குத்தான் சார் எலெக்ட்ரான வெளிய எடுக்கிறோம். எதுமேலயாவது மோதவிட்டாத்தான் அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியும்."

பாகான் நக்கோடா ஓமார் பள்ளியிலிருந்து வந்திருந்த சேது வாத்தியார் உடைந்த எரிமலைக்குள் எட்டிப் பார்த்தார்.

"உமாபதி சார், உள்ள எங்க பள்ளி முத்திரை இருக்கே! அஞ்சு வருஷமா இந்த எரிமலையத்தான் தேடிக்கிட்டிருக்கோம் லா!"